மில்லுக்குத் தனியாகப் போயிருக்கிறாள்

வறுத்த மிளகாயின் கமறல் இன்னும் குசினிக்குள் நிற்கிறது. இருமி இருமித்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் இருந்திருந்தால், "மனிசரைக் கொல்லப் போறீரோ?" என்று கேட்டபடி யன்னல்களைத் திறந்துவிட்டிருப்பீர்கள். மிளகாயும் மல்லியும் சுளகில் ஆறியதும் பையில் போட்டேன். நம் மகள் அதைத் தூக்கித் தன் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினாள்.

"நான் மில்லுக்குக் கொண்டு போய் அரைச்சுக்கொண்டு வாறன், அம்மா."

"தனியப் போகவேண்டாம். நானும் வாறன்."

"அப்பா எண்டால் விட்டிருப்பார்."

உண்மைதான். ஐந்தாம் வகுப்பிலேயே அவளை மில்லுக்கு அனுப்பினீர்கள். முரசுமோட்டையில் அந்த வயதுப் பிள்ளையைப் பெரிய ரோட்டால் தனியே விட்ட தகப்பன் நீங்கள் ஒருவர்தான் என்று சண்டை பிடித்தேன். "நீர் பேசாமல் இரும். பிள்ளை நாலு பேரோட கதைச்சுப் பழகட்டும்" என்றீர்கள். அவள் வளைவில் மறைந்ததும் மம்பட்டியைத் தோளில் போட்டு, வயலுக்குப் போகிறவர்போல் சைக்கிளில் ஏறினீர்கள். நம் வயல் மற்றப் பக்கம். மில்லில் வரிசையை மீறி முந்தப் பார்த்த பெரியவரிடம் "நான்தான் முதல் வந்தனான்" என்று அவள் சொன்னதை ஒளிந்து நின்று கேட்டுவிட்டு வந்து, எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

அதே ரோட்டில்தான் பிறகு ஒருநாள் மணல் டிப்பர் லொறி உங்களை அடித்துப் போட்டது.

அதற்குப் பிறகு அவளை நான் தனியே படலை தாண்ட விடவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறேன். ரியூசன் முடியும்வரை வாசலில் நிற்கிறேன். நல்ல தாய் என்று ஊர் சொல்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன கிழமை அவளுக்கு வயிற்று வலி. "எங்க நோகுது?" என்று டொக்டர் அவளைத்தான் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "தொப்புளடியில குத்துதாம்" என்றேன் நான். "ஆரின்ர வயிறு அம்மா, பிள்ளையின்ரயோ உங்கடையோ?" என்று டொக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மில்லில் பெரியவரை மறித்துப் பேசிய பிள்ளை, ஏழாம் வகுப்புக்கு வந்தபின் தன் வலியைச் சொல்ல என் வாயைத் தேடுகிறது. அவளை அப்படி ஆக்கியது நான்தான்.

அதனால், கரியர் கயிற்றை அவிழ்க்கப் போன கை இன்று தயங்கியது. "அப்பா உன்னைச் சும்மா விடேல்லை. பின்னால வந்தவர், தெரியுமோ?" என்றேன்.

"தெரியும். அப்பான்ர சைக்கிள் செயின் சத்தம் கேக்கும். திரும்பிப் பாத்தால் அவர் பாவம் எண்டு பாக்கேல்லை." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்களும் ஒளிச்சு வருவீங்களோ?"

"இல்லை, நீ போயிட்டு வா" என்றேன். எந்தத் துணிவில் சொன்னேனோ தெரியவில்லை.

போய்விட்டாள். மில்லில் சனமாக இருக்கும், அதுதான் சுணங்குகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ரோட்டில் டிப்பர்கள் இரைவது இங்கே கேட்கிறது. உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. பிள்ளையைத் தனியே விட்டுப் பழக்கத் தொடங்கியவர் நீங்கள். பாதியில் என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். உங்களுக்காவது பயம் வந்தால் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகமுடிந்தது. நான் வரமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

எழுதுவதை நிறுத்தினால் எழும்பி ரோட்டுக்கு ஓடிவிடுவேன். அதனால்தான் இன்னும் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.