கொப்பியில் எழுதாத மலை

நீ கண்ணை மூடிய பிறகு கிளென் வேவர்லி வீட்டில் உன் அலுமாரியை ஒதுக்கியபோது, உன் மகள் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்தாள். நேற்று அதைத் தொட்டியில் நனைத்தேன். ஈரக் கம்பளி மணம் எழும்பியதும் கையை வெளியே எடுத்துவிட்டேன். அன்று மலையில் நீ போட்டிருந்த சட்டை இதுவல்ல. இது இங்கே மெல்பேர்னில் வாங்கியது. மணத்துக்கு அதெல்லாம் தெரியுமா? நனைந்த செம்மறிகளும் பனிப்புகாருமாக அந்த ஸ்கொட்லாந்து மலை வீட்டுக்குள் வந்துவிட்டது. பாதி அலசியதை அப்படியே விட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கிளாஸ்கோவில் ஓர் ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் தாதிகள். ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். "அங்கை போக முன்னம் இந்த நாட்டை ஒருக்கால் கண்ணாலை பாப்பமடி" என்று நீதான் என்னை அந்த மலையடிவாரக் கிராமத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். முதல் நாள் கல்லுப்பாலமும் இடிந்த கோட்டையும் பார்த்தோம். இரண்டாம் நாள் அருவி. மூன்றாம் நாள் மலைப்பாதை.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரி வாசலில் ஒரு கொப்பி வைத்திருந்தாள். நடக்கப் போகிறவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று அதில் எழுதவேண்டும். அன்று காலை நாங்கள் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு நிற்க, அவள் சிரித்தபடி எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிட்டாள். உன் முகம் போன போக்கு!

"வெளிக்கிடேக்கை எங்கை போறியள் எண்டு கேக்கிறா மனுசி. போற காரியம் உருப்பட்ட மாதிரித்தான்" என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டு கொப்பியில் அருவி என்று எழுதினாய்.

"மலைக்கெல்லே போறம்?"

"சகுனத்தை ஏமாத்திறன். பேசாமல் வா."

நான் சிரித்தேன். திருத்தி எழுதியிருக்கலாம். எங்கள் வீட்டிலும் வெளிக்கிடுகிறவரை எங்கே என்று கேட்டால் ஐயா திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். அதனால் எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

ஏறும்போது எல்லாம் அழகாகத்தான் இருந்தது. கூடவே மேலே ஏறி வரும் கல்மதில், ஆடு போகாமல் அடைத்த படலைகள், ஊதாப் பூப் புதர்கள், கீழே ஒரு கை அகலத்தில் கிராமம். பாறையில் குந்தியிருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். நீ சம்பல் விரலைச் சப்பிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாய். கிராமத்தைக் காணவில்லை, வெள்ளைப் புகார்தான். கொஞ்ச நேரத்தில் நாங்கள் வந்த பாதையையும் காணவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்று எனக்கு வெளுத்ததெல்லாம் பேய்.

அவசரப்பட்டு இறங்கும்போதுதான் நீ வழுக்கினாய். உன் கணுக்கால் திரும்பியிருந்த விதத்தைப் பார்த்ததுமே இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. நனைந்த உடம்பில் குளிர் ஏறி நித்திரை வந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வார்டில் பார்த்திருக்கிறோம்.

"ஒருத்தரும் எங்களைத் தேடி இஞ்சாலை வரமாட்டினம்" என்றாய். கொப்பியைப் பற்றி நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "நீ கெதியாப் போட்டு வா. நான் இந்த மதிலோடை இருக்கிறன்."

என் கோட்டைக் கழற்றி உனக்குப் போர்த்திவிட்டு, அந்தக் கல்மதிலைத் தடவித் தடவி இறங்கினேன். என் கை தெரிந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் நீ கூப்பிட்டாய்.

இத்தனை வருடம் உனக்குச் சொல்லாததைச் சொல்கிறேன். எனக்குக் கேட்டது. என் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டாய். மூன்றாம் தரம், "எடி, பயமாக்கிடக்கடி" என்றாய். எதற்கும் பயப்படாத நீ! நான் அசையாமல் நின்றேன். ஓம் என்று பதிலுக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் திரும்பி ஓடி வந்திருப்பேன், இரண்டு பேருமே செத்திருப்போம் என்று பிறகு எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நான் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். எப்படியாவது அந்த வெள்ளைக்குள் இருந்து வெளியே போய்விட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினேன்.

கீழே ஒரு பண்ணைக்காரரும் அவர் மகனும் நாயோடு வந்தார்கள். வீட்டுக்காரியின் புருஷன் எங்களைத் தேடி ஏற்கனவே போய்விட்டாராம், அருவிப் பக்கம். மதிலைப் பிடித்து மறுபடி ஏறினோம். இப்போது நான் கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். உன்னிடமிருந்து பதில் இல்லை. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். நாய்தான் குரைத்தது. பாதி நித்திரையில் கண்ணைத் திறந்து, "அந்த மனுசியிட்டைக் கொப்பிக் கதையைச் சொல்லிப்போடாதை" என்றாய். நான் அழுத அழுகையைப் பார்த்துப் பண்ணைக்காரர் முதலில் என்னைத்தான் தூக்கப் பார்த்தார்.

அடுத்த வருடமே இரண்டு பேரும் மெல்பேர்ன் வந்துவிட்டோம். நோபல் பார்க்கில் யார் வீட்டுக் கொண்டாட்டம் என்றாலும் உனக்கு இந்தக் கதைதான். "செம்மறியளோடை என்னை விட்டுட்டுப் போட்டாள். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போச்சு. பாவம், இவள் அவ்வளவு தூரம் போயிட்டாள், கேட்டிருக்காது." எல்லாரும் சிரிப்பார்கள். நான் தேத்தண்ணி வைக்கிற சாட்டில் குசினிக்குள் போய்விடுவேன். கேட்டிருக்காது என்று நீ சொல்லும்போதெல்லாம் என்னைப் பார்க்கமாட்டாய். தெரிந்துதான் பார்க்கவில்லையா, தற்செயலா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

உன் கடைசிக் கிழமை, நீ கிடந்த ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்து வந்தேன். நீ ஒரு பிலிப்பைன்ஸ் தாதிக்கு அதே கதையை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாய். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய். கேட்டிருக்காது என்ற இடம் வந்தபோது என் கையைப் பிடித்தாய். இரண்டாவது தரமும் நான் பதில் சொல்லவில்லை.

இப்போது கடையிலோ ரயிலிலோ பின்னாலிருந்து என் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறேன். திரும்பிப் பார்க்கு முன்பே, சத்தமாக, "ஓம், நிக்கிறன்" என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அவர்கள் கூப்பிட்டது வேறு யாரையோ.