பாவு முடிந்ததும் டெல்லி

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்பு மகள் புவனேஸ்வரிக்கு,

காமாட்சி தயவில் அப்பாவும் நானும் சுகம், டெல்லிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம். நீ காட்டுகிறேன் என்று சொன்ன செங்கோட்டை, தாமரைக் கோயில், இந்தியா கேட் எல்லாம் எனக்கு மனப்பாடம். குதுப்மினாரில் ஏற விடமாட்டார்களாமே, பிறகு எதற்கடி அவ்வளவு உயரம்? பரவாயில்லை, கீழே நின்று கழுத்து வலிக்கப் பார்ப்பேன்.

போன வாரம் ஏகாம்பரநாதர், கைலாசநாதர் பார்த்துவிட்டு ஒரு பஸ் கூட்டம் நம் தறியையும் பார்க்க வந்தது. அதில் ஒரு டெல்லிக்கார அம்மாள், நீங்கள் டெல்லி பார்த்திருக்கிறீர்களா என்று கைடு மூலம் என்னைக் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் உன் அப்பா, தறிய உட்டுட்டு அவ எங்கம்மா போறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், உள்ளே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கோர்வைச் சேலைக்கு அவர் நெய்ய, வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நான் நாடாவைத் தள்ளி நூல் கோக்க வேண்டும். வேறு ஆள் கை அவருக்கு ஒத்து வராதாம். போக வேண்டாம் என்றும் சொல்வதில்லை, போய்ட்டு வாயேன், பாவு முடியட்டும் என்கிறார். தறியில் ஏற்றிய பாவு நூல் எங்கே முடிகிறது? கடைசிச் சேலையை அறுத்ததுமே அங்கம்மாள் வந்து, பழைய நூலின் நுனியோடு புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைத்துவிடுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து இந்தத் தறி ஒரு வாரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. மூச்சு முட்டுகிறது புவனா.

நேற்று கடைசிச் சேலையை அறுத்தாயிற்று. இன்று காலை அப்பா கோயிலுக்குப் போயிருந்தபோது அங்கம்மாள் வந்தாள். இப்போது வேண்டாம், மகளிடம் போகிறேன், வந்து சொல்லியனுப்புகிறேன் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். அண்ணனுக்குத் தெரியுமாக்கா என்று கேட்டாள். தெரியும் என்று பொய் சொன்னேன். இதோ இன்னும் அவளைக் காணோமே என்று அவர் தறிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறார். எழுதி முடித்ததும் சொல்லப் போகிறேன். போனில் அவர் என்ன சொன்னாலும் நீ மனம் மாறாதே.

வேளைக்குச் சாப்பிடு, தலையில் ஈரத்தோடு வெளியே போகாதே. ஏகாம்பரநாதர் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். ஞாபகமாக ஒன்று, டிக்கெட் வருவதற்கு மட்டும் போடு. திரும்புவதற்கு நான் சொல்கிறேன்.

உன் அம்மா,
ரேணுகாம்பாள்