எருவில் வைத்த கை

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் மூட்டுவலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் சுகம், இங்கிலாந்துக் குளிர் பழகிவிட்டது.

நேற்று நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் ஒரு வேடிக்கை. ரோஜாவுக்கு எரு வந்து இறங்கியது. மல்லாட்டை விதைப்புக்கு முன் நீங்கள் செய்வதுபோல, கையுறையைக் கழற்றிவிட்டுக் குவியலுக்குள் கையை விட்டேன். "சூடு இருக்குது, இப்ப போட்டா வேரு வெந்துடும்" என்று உங்கள் குரலிலேயே தமிழில் சொல்லிவிட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பதறிப்போய்ச் சோப்பைக் கொண்டுவந்தார்கள்.

தலைமைத் தோட்டக்காரி ஹெலன் மட்டும் சிரித்தார். எருவை இங்கே 'மன்யூர்' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு ஆதியில் கையால் வேலை செய்வது என்றுதான் பொருளாம். பிறகு நிலத்தைப் பயிர் செய்வது என்றானதாம். அதற்கும் பிறகுதான் எருவுக்குப் பெயரானதாம். "எங்கள் நைனா இந்த மூன்றுக்கும் சொந்தக்காரர்" என்றேன். சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

செஞ்சி ஸ்டுடியோவில் நான் பட்டம் வாங்கியதற்குப் படம் எடுத்தபோது கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டீர்களே, நைனா. ஹெலன் உங்கள் படம் கேட்கிறார். கைகள் நன்றாகத் தெரியும்படி புதிதாக ஒன்று எடுத்து அனுப்புங்கள்.

வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள். நீங்கள் தடவும் வேப்பெண்ணெயும் ஒரு புட்டி வேண்டும். என் கையும் உங்கள் கை மாதிரியே வெடித்திருக்கிறது.

உங்கள் மகள்,
ரஞ்சனி