பின் சில்லுக்கு டிஸ்க் பிரேக்

ஒக்டோபர் 7, செவ்வாய்
காற்றில்லை. காலையிலேயே புழுக்கம். உப்புக்குளத்தில் நியாஸ் நானாவின் கராஜ், மூன்றாவது தடவை. பின் சில்லின் பழைய டிரம் பிரேக்கைக் கழற்றி டிஸ்க் போடும் வேலை. டிஸ்க் ஒரு பைக்கினுடையது, அதைக் கவ்வும் கலிப்பர் வேறொன்றினுடையது. நடுவில் இரும்புத் தகட்டில் வெட்டிய பிடி. முதல் தடவை உரசியது. அடுத்த தடவை பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று. இன்று மீன் பெட்டியை இறக்கிவைத்தேன், நானாவே பைக்கை ஓடிப் பார்த்தார். மிதித்த இடத்தில் நின்றது.

மனைவி றீற்றாவிடம் சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பிடிக்குதோ எண்டு பாப்பம்" என்றாள். ஞாயிறு தலைமன்னாரில் அவளுடைய தங்கை மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மைப் பூசை. ஜூனில் கழுதை குறுக்கே வந்து, பிரேக் பிடிக்காமல் இருவரும் விழுந்தோம். அன்றிலிருந்து றீற்றா என் பின்னால் ஏறுவதில்லை. அவள் பஸ்ஸில், நான் பைக்கில். வெட்கமாக இருக்கிறது.

8, புதன்
தாழ்வுபாட்டுக் கரையில் சூடை மீன், கொஞ்சம் பாரை எடுத்தேன். முருங்கன் பக்கம் விற்கப் போனேன். முதலில் அருமையாகப் பிடித்தது. உயிலங்குளம் தாண்ட பிரேக்கில் வழுக்கல். திரும்பும்போது மிதிக்கிறேன், மிதிக்கிறேன், பைக் தன் பாட்டில் போகிறது.
வாங்க: தேங்காய், சவரப் பிளேட், றீ. மாத்திரை.
நான் வந்ததிலிருந்து வீட்டுப் பூனை பைக்குக்குக் கீழே. வேறு இடமில்லையாம்.

9, வியாழன்
கராஜ். பெட்டியை இறக்கினேன். நானா டிஸ்க்கைத் துடைத்தார், பெற்றோலில் கழுவினார், ஓடினார். நின்றது. "பிடிக்குதுதானே" என்றார்.
மீனோடு போனேன். பிடிக்கவில்லை.

10, வெள்ளி
அதே கதை. கோபம் தலைக்கேறிவிட்டது. ஜும்ஆவுக்கு வெளிக்கிட்டு நின்ற மனிதரிடம், தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் பார்க்க, கண்ட இரும்பையும் ஒட்டி என்னைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். அவர் தொழுதுவிட்டு வந்து துடைத்தார், ஓடினார். சனியன், நின்றது.
றீற்றா பஸ் நேரம் விசாரித்துவிட்டாள்.

11, சனி
பல் விளக்க வெளியே வந்தால் பூனை டிஸ்க்கை நக்குகிறது. குனிந்து மணந்தேன். மீன். நிமிர்ந்தேன். நேர் மேலே பெட்டியின் ஐஸ் தண்ணீர் வடியும் துளை. இடப்பக்கம் என்றால் சங்கிலி துருப்பிடிக்கும் என்று நானே வலப்பக்கம் போட்ட துளை. டிரம் மூடியிருந்தது, அதனால் முன்பு பிரச்சினை இல்லை. இப்போது சூடைக் கொழுப்பு முழுக்க டிஸ்க்கில். கராஜில் ஒவ்வொரு தடவையும் பெட்டியை இறக்கியது யார்? நான். மடையன்.

நானாவிடம் போனேன். மன்னிப்பு வாயில் வரவில்லை, பூனைக் கதைதான் வந்தது. அவர் சிரிக்கவில்லை.
"ஆக்களுக்கு முன்னால ஏசினனீங்கள் அந்தோனி. இதையும் அவங்களுக்கு முன்னால சொல்லுங்கோ."
தேத்தண்ணிக் கடையில் போய்ச் சொன்னேன். பூனையையும் சேர்த்து. அவர்கள் சிரித்து முடிய நேரம் எடுத்தது. அதன் பிறகுதான் நானா புதுப் பிரேக் கட்டைகள் போட்டார். துளையில் குழாய் மாட்டிச் சில்லுக்குப் பின்னால் நீட்டினேன். பெட்டி நிறைய ஐஸும் சூடையும் போட்டு முருங்கன் போய் வந்தேன். வரும்போதும் பிடித்தது.

12, ஞாயிறு
வெயில். பெட்டி இல்லாத பைக். றீற்றா சேலையோடு வாசலில் நின்று பூனையைத் தேடினாள். அது மதிலில்.
"இண்டைக்கு அது பைக்குக்குக் கிட்டப் போகேல்லையோ?"
இல்லை என்றேன். ஏறினாள். என் தோளைப் பிடித்தாள். நான்கு மாதம்.

பேசாலைக்கு முன் கழுதைகள், நடு ரோட்டில் மூன்று. மிதித்தேன். நின்றது. கழுதைகள் அசையவில்லை. ஹோர்ன் அடித்தேன், கத்தினேன். பூசைக்குப் பிந்திவிட்டோம். பின்னால் தலைமன்னார் பஸ்ஸும் வந்து நின்றது.
அவள் இறங்கவில்லை.