மழைக்கு ஒழுகும் காசாதோ

மணிலா
12-6-1953

அன்புள்ள அழகியநாயகிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? எதுவும் விட்டுப்போகாமலிருக்க வரிசையிட்டு எழுதுகிறேன்.

1. நான் சிரிப்புக்கு ஆளானது.
2. எனக்கு வேண்டியவை.
3. முதலாளி கேட்டபடி, இன்னும் இரண்டு வருடம் இந்தக் கடையில் இருக்கப்போவது.

நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் ஸ்பானிய மொழி பேசுகிறவள். நேற்று கடைக்கு வந்தபோது என்னிடம், "காசாதோ?" என்று கேட்டாள். காசா என்றால் வீடு. ஆகவே, வீடு உண்டா என்று கேட்கிறாள் என நானாகவே பகுதி விகுதி பிரித்துக்கொண்டு, "உண்டு. பழசு. மழைக்கு ஒழுகும்" என்றேன்.

கூட இருந்த நம் அருமனை ஜெபசீலன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அண்ணாச்சி, கலியாணம் கெட்டியாச்சான்னாக்கும் கேட்டா! மைனியா ஒழுகுதாவ?" மைனி என்றது உன்னைத்தான்.

மணமானவனை வீட்டோடு சேர்த்துத்தான் அந்த மொழி சொல்கிறதாம். நாமும் மனையை வைத்துத்தானே மனைவி என்கிறோம்? ஒப்பிட்டது சரிதானா என்று தெரியவில்லை. ஆனால் அதன்பின் கடையில் வேலை ஓடவில்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. கடிதம் இரண்டு பக்கமாக எழுது; ஒரு பக்கம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. மூன்றாவதாக எழுதியது தவறு. முடியாது என்று நாளைக் காலையில் முதலாளியிடம் எப்படியாவது சொல்லிவிடுவேன். ஆவணியில் வருகிறேன்.

தாணு