நேற்றுக்குப் போகும் வினைச்சொல்

என் தர்ஷு அக்காவுக்கு, நீ எந்தக் காலத்திலிருந்து இதைப் படித்தாலும்,

அம்மா தூங்கிவிட்டாள். அப்பாவுக்கு ஃபாக்டரியில் நைட் ஷிப்ட். குளியலறை விளக்கைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். நோட்டை மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

நம் ஊர் வானவடியில் மழை ஆரம்பித்துவிட்டது. உன் கபடி ஷூ இன்னும் வாசலில்தான் நனைகிறது. எடுத்து உள்ளே வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

நம் மொழி நோட்டை அம்மா கண்டுபிடித்துவிட்டாள். தமிழ் எழுத்துதான், ஆனால் ஒரு வார்த்தையும் அவளுக்குப் புரியவில்லை. "அக்கா என்னதான் எழுதியிருக்கா? படிச்சு சொல்லுடி சின்னு" என்றாள். காலத்தில் பயணம் செய்கிறவர்களுக்காக நாம் இருவரும் உண்டாக்கிய மொழி என்றேன். நாளையைப் பார்த்துவிட்டு வந்தவள் பேசினால் வினைச்சொல் 'லோ' என்று முடியும், நேற்றுக்குத் திரும்பிப் போய் ஒன்றை மாற்றிச் செய்தால் 'மி' என்று முடியும் என்று விளக்கினேன். "இந்த ஊரு மராட்டியே எனக்குப் பாதிதான் புரியுது, இதுல இது வேறயா!" என்றாள். நீ போன பிறகு அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், நோட்டில் நீ எழுதிய கதையில் ஒரு பக்கத்தை அவளுக்குத் தமிழில் படித்துச் சொல்கிறேன். நேற்று தின்ற வடாபாவை இன்னொரு முறை தின்பதற்காக உன் கதாநாயகி தளேகாவ் ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போகிறாளே, அதைக் கேட்டு, "தீனிப் பண்டாரம்! டைம் மெஷின் கெடச்சாலும் வடாபாவுக்குத்தான் போவா" என்றாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

இன்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அதில் கதை இல்லை என்பது உனக்குத் தெரியும். "இங்க உன் பேரு இருக்கே? நாளைக்கு இதப் படி" என்றாள். சரி என்று தலையை ஆட்டினேன். நீ அங்கே எழுதியிருப்பது இதுதான்:

'மாடி ஏறும்போது இன்றைக்கும் நெஞ்சு வலித்தது. சின்னுவுக்கு மட்டும் தெரியும். அவள் சொல்ல மாட்டாள்.'

இதை எப்படிப் படிப்பேன் அக்கா?

அன்று மூன்றாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "அம்மாகிட்ட சொன்னா கபடி செலக்‌ஷனுக்கு விட மாட்டா. சத்தியம் பண்ணுடி" என்றாய். பண்ணினேன். நான்காம் நாள் மைதானத்தில் விழுந்தாய், பிறகு எழவே இல்லை. பிறவியிலேயே இதயத்தில் கோளாறு, முன்பே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

கணக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க, 'அம்மாவிடம் சொன்னேன்' என்பதை நம் மொழியில், 'மி' போட்டு எழுதிப் பார்த்தேன். காலையில் எழுந்து உன் கட்டிலைப் பார்த்தேன். போர்வை மடித்தபடியே இருந்தது. எல்லாக் காலத்துக்கும் ஒரு விகுதி வைத்தோமே, மாற்றவே முடியாத நேற்று என்று ஒன்று உண்டு என்பது ஏன் நமக்குத் தோன்றவில்லை?

நாளைக்கும் ஒரு கதையைக் கட்டிச் சொல்லிவிடலாம். அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் எனக்குச் சோறு போடும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டையே பார்க்கிறேன். தெரிந்தால் என்னை வெறுத்துவிடுவாளோ?

ஆனாலும் படிப்பேன். ஒரு வார்த்தையும் மாற்றாமல் படிப்பேன். பாதியில் குரல் நின்றுவிட்டால் இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுப்பேன். நம் மொழியை விட்டுத் தமிழில் எழுதியது அதற்காகத்தான்.

உனக்குச் செய்த சத்தியத்தை நாளை உடைக்கப்போகும்
உன் தங்கை,
சின்னு