சுழி எந்தப் பக்கம்

மகனின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

குறிஞ்சிப்பிட்டியில் காற்று இன்னும் ஓயவில்லை. நேற்றும் ஃபோனில் அதைத்தான் கேட்டீர்கள். மருந்து குடித்தேனா என்று கேட்டீர்கள். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

அவன் பிறந்த அன்று கேட்டீர்களே. "உச்சியில சுழி எந்தப் பக்கம் சுத்துது எண்டு பாத்துச் சொல்லு." அங்கே ஆய்வுகூடத்தில், குளிர்ந்த ஹீலியத்துக்குள் நீங்கள் தேடுவதும் அப்படிப்பட்ட சுழிகளைத்தானாம். "எப்படிச் சீவினாலும் அத அழிக்க ஏலா. எதிர்ப்பக்கம் சுத்துறது ஒண்டு வந்து சேர்ந்தாத்தான் ரெண்டும் இல்லாமப் போகும்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. முடி அடர்த்தியாக இருக்கிறது, ஏழாம் நாள் ஒஸ்தா வந்து தலையை வழித்த பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆறாம் நாள் காலையில், ஒஸ்தாவை வர வேண்டாம் என்று மாமி சொல்லி அனுப்பினார்.

கடைசியாக அவனைக் குளிப்பாட்டியதும் மாமிதான். வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல் இழுக்கும்போது, "கொஞ்சம் பொறுங்க மாமி" என்றேன். ஈர முடியை விரலால் விலக்கினேன்.

வலப்பக்கம். உங்கள் தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது என் விரல் போகும் அதே பக்கம்.

ஒரே பக்கம் சுற்றுகிற இரண்டு சுழிகள் சந்தித்தால் என்ன ஆகும் என்று அன்று கேட்டேன். அழியாது, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே இருக்கும் என்றீர்கள்.

லீவு கிடைக்கவில்லை என்று இனிச் சொல்ல வேண்டாம். வாருங்கள். எனக்கு உங்கள் உச்சியில் விரல் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
மகனின் உம்மா